பணம் போச்சு, ஆனா கடைக்காரருக்கு வரலை... நடுவுல எங்கே நிக்குது? 'ரோல்பேக்' எப்படி வேலை செய்யுது, உங்க உரிமை என்ன?

ஈசிஆரில் புதுச்சேரியைத் தாண்டி சென்னை பக்கம் வந்தால், கடலை ஒட்டி இருக்கும் மீனவ கிராமம் பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே மீன் வாங்கப் போறீங்கன்னு வச்சுக்கோங்க. 600 ரூபாய்க்கு சங்கரா எடுத்தாச்சு. க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி, பின் நம்பர் போட்டாச்சு. செல்போன் திரையில் சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள வங்கியிலிருந்து மெசேஜ்: உங்கள் கணக்கில் 600 ரூபாய் பற்று.

"அக்கா, காசு போயிடுச்சு, மெசேஜ் வந்துடுச்சு."

"பெட்டி சத்தமே போடலையே தம்பி. எனக்கு வரலையே."

இரண்டு பேர் சொல்றதும் உண்மைதான். அப்போ அந்த 600 ரூபாய் எங்கே இருக்கு? திரும்ப வருமா, எத்தனை நாளில் வரும்? இன்னொரு முறை அனுப்பலாமா, கூடாதா?

இந்தக் கேள்விகளுக்கான பதில், ஆப் எழுதுறவங்க தினமும் புழங்கும் இரண்டு வார்த்தைகளில் இருக்கு. ஒன்று 'கமிட்', இன்னொன்று 'ரோல்பேக்'. அது என்னன்னு வாங்க பார்க்கலாம்.

கொடுக்கல் வாங்கல்: பாதி மட்டும் நடக்கலாமா?

தமிழில் பணப் பழக்கத்தை 'கொடுக்கல் வாங்கல்' என்று சேர்த்தே சொல்கிறோம். கொடுத்தது மட்டும் நடந்து வாங்கியது நடக்காவிட்டால் அதற்குப் பெயர் கொடுக்கல் வாங்கல் இல்லை, ஏமாற்றம். 'பரிவர்த்தனை' என்ற சொல்லுக்கும் மாற்றிக்கொள்ளுதல் என்றுதான் பொருள். ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் வந்தாக வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு இது தானாகத் தெரியாது. அதற்கு 'என் கணக்கில் 600 கழி' என்பது ஒரு வேலை. 'அக்கா கணக்கில் 600 கூட்டு' என்பது வேறொரு வேலை. முதல் வேலை முடிந்த நொடியில் கரண்ட் போனாலோ, புரோகிராம் நின்றாலோ, இரண்டாவது வேலை நடக்காது. 600 ரூபாய் காற்றில் கரைந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் டேட்டாபேஸ் என்கிற தகவல் களஞ்சியத்தில் 'டிரான்சாக்ஷன்' என்ற ஏற்பாடு இருக்கிறது. அது மூன்று கட்டளைகளில் அடங்கும்.

'பிகின்': இங்கிருந்து வரும் வேலைகள் எல்லாம் ஒரே கட்டு.

'கமிட்': எல்லாம் சரியாக முடிந்தது, நிரந்தரமாகப் பதிவு செய்.

'ரோல்பேக்': ஏதோ தவறிவிட்டது, கட்டு முழுவதையும் ரத்து செய். ஆரம்பத்தில் எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வை.

முழுசாக நடக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே கூடாது. நடுவில் நிற்க இடமில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கரண்ட் போனாலும் எப்படி நினைவில் வைக்கிறது?

பழைய மளிகைக் கடைகளில் இரண்டு நோட்டு இருக்கும். நடக்க நடக்க எழுதுவது சிட்டை. பிறகு ஆள்வாரியாகப் பிரித்து ஏற்றுவது பேரேடு. பேரேட்டில் ஏற்றும்போது குழப்பம் வந்தால் சிட்டையைப் பார்த்துச் சரி செய்துகொள்வார்கள்.

டேட்டாபேஸும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. மாற்றங்களை உண்மையான கணக்கில் ஏற்றும் முன் 'லாக்' என்ற சிட்டையில் முதலில் எழுதிவிடும. கரண்ட் போய் மீண்டும் வந்ததும் அந்தச் சிட்டையைப் புரட்டும். 'கமிட்' என்று முடிந்திருக்கும் கட்டுகளை உறுதி செய்யும். கமிட் ஆகாமல் பாதியில் நிற்பவை எதுவும் கணக்கில் சேராமல் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க கணினி விஞ்ஞானி ஜிம் கிரே. ஏடிஎம், விமான டிக்கெட், வங்கிக் கணக்கு என இன்று நாம் நம்பிப் பயன்படுத்தும் பலவற்றின் பின்னால் அவரது உழைப்பு இருக்கிறது. அதற்காக 1998-ம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து தனியாகப் பாய்மரப் படகில் கடலுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

ஒரே வங்கி என்றால் சரி. இரண்டு வங்கி என்றால்?

இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நீங்களும் மீன்கார அக்காவும் ஒரே வங்கியில், ஒரே டேட்டாபேஸில் கணக்கு வைத்திருந்தால், ஒரு ரோல்பேக் போதும். ஆனால் உங்கள் கணக்கு ஒரு வங்கியில், அக்கா கணக்கு இன்னொரு வங்கியில். இரண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். நடுவில் என்பிசிஐ என்கிற தேசிய பணப்பட்டுவாடா கழகம். 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ-யை நடத்துவது இந்த அமைப்புதான்.

நீங்கள் பின் நம்பர் போட்டதும் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி: ஆப்பில் இருந்து என்பிசிஐக்குக் கோரிக்கை போகிறது. என்பிசிஐ உங்கள் வங்கியிடம் '600 கழி' என்கிறது. உங்கள் வங்கி கழித்துவிட்டு 'ஆச்சு' என்கிறது. பிறகு என்பிசிஐ அக்காவின் வங்கியிடம் '600 கூட்டு' என்கிறது. அந்த வங்கியும் 'ஆச்சு' என்றால்தான் இரண்டு பக்கமும் டிக் மார்க் வரும், பெட்டி சத்தம் போடும்.

இதில் மூன்று விதமாகத் தவறலாம்.

ஒன்று: உங்கள் வங்கியே கழிக்க மறுத்துவிட்டது. பணம் போகவே இல்லை. பிரச்சினையும் இல்லை.

இரண்டு: உங்கள் வங்கி கழித்துவிட்டது. அக்காவின் வங்கி 'முடியாது' என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்போது உங்கள் வங்கிக்கு 'திருப்பிப் போடு' என்ற செய்தி போகும். பணம் திரும்பிவிடும்.

மூன்று: உங்கள் வங்கி கழித்துவிட்டது. அக்காவின் வங்கியிடம் இருந்து பதிலே வரவில்லை. இதுதான் ஆபத்தான இடம்.

ஏன் ஆபத்து? பதில் வரவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். கோரிக்கையே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். அல்லது பணம் வரவு வைக்கப்பட்டு, 'ஆச்சு' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அதாவது, இது தோல்வி இல்லை. 'தெரியவில்லை' என்ற நிலை. தோல்வி வேறு, தெரியாதது வேறு. திரையில் 'பெண்டிங்' அல்லது 'பிராசசிங்' என்று காட்டுவது இதைத்தான்.

அப்போ ரோல்பேக் பண்ண முடியாதா?

நேரடியாக முடியாது. உங்கள் வங்கி தன் கணக்கில் கழித்து, கமிட் செய்து முடித்துவிட்டது. கமிட் ஆன பிறகு ரோல்பேக் கிடையாது. வேண்டுமானால் புதிதாக ஒரு எதிர்ப்பதிவு போடலாம். 600 கழித்த வரியை அழிக்காமல், கீழே '600 வரவு, திருப்பியது' என்று இன்னொரு வரி எழுதுவது. உங்கள் பாஸ்புக்கில் 'ரிவர்சல்' என்று வரும் வரி அதுதான்.

இரண்டு வங்கிகளும் 'நான் தயார்' என்று சொல்லும்வரை இரண்டு கணக்குகளையும் பூட்டி வைத்து, பிறகு ஒரே நேரத்தில் கமிட் செய்யும் முறையும் இருக்கிறது. 'இரண்டு கட்ட கமிட்' என்பார்கள். ஆனால் ஒரு வங்கி பதில் சொல்லாமல் நின்றால், இன்னொரு வங்கியின் வாடிக்கையாளர் கணக்கும் பூட்டியபடியே நிற்கும். 2025 ஆகஸ்டில் யுபிஐ-யில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிவர்த்தனைகளுக்கு மேல் நடந்தன. இந்த அளவில் அப்படிப் பூட்டி வைத்துக் காத்திருப்பது நடைமுறைக்கு ஒத்து வராது.

அதனால் ஒவ்வொரு படியையும் தனியாக முடித்துக்கொண்டு, எங்காவது தவறினால் முந்தைய படிகளுக்கு எதிர்ப்பதிவு போடும் வழி பரவலாகப் பயன்படுகிறது. 1987-ல் ஹெக்டர் கார்சியா மொலினா, கென்னத் சேலம் ஆகிய இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்கு 'சாகா' என்று பெயர் வைத்தது.

இந்த முறையில் ஒரு நிபந்தனை உண்டு. தவறியதா இல்லையா என்பது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமலேயே 'தோல்வி' என்று முடிவு கட்டினால் என்ன ஆகும்? இந்தியாவிலேயே நடந்திருக்கிறது.

யூகோ வங்கி: 4 நாளில் 820 கோடி

2023 நவம்பர் 10 முதல் 13 வரை. தீபாவளி நேரம். பொதுத்துறை வங்கியான யூகோ வங்கியின் சுமார் 41,000 வாடிக்கையாளர்களின் கணக்கில் திடீரென்று பணம் வந்து விழுந்தது. மொத்தம் சுமார் 820 கோடி ரூபாய். எல்லாம் ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறை வழியாக.

சிபிஐ பதிவு செய்த வழக்கின்படி, 7 தனியார் வங்கிகளைச் சேர்ந்த சுமார் 14,000 பேரின் கணக்குகளில் இருந்து 8.53 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் தொடங்கப்பட்டன. அனுப்பிய வங்கிகளின் பதிவில் அவை 'தோல்வி'. அவர்கள் கணக்கில் பணம் கழியவில்லை. ஆனால் யூகோ வங்கிப் பக்கம் அவை 'வெற்றி'. வரவு வைக்கப்பட்டுவிட்டது.

ஒரு பக்கம் தோல்வி, மறுபக்கம் வெற்றி. கொடுக்கல் இல்லாமலே வாங்கல்!

வங்கி உடனடியாக ஐஎம்பிஎஸ் சேவையை நிறுத்தியது. வரவு வந்த கணக்குகளை முடக்கி, 649 கோடி ரூபாயை, அதாவது சுமார் 79 சதவீதத்தை மீட்டதாக சில நாட்களில் அறிவித்தது. மீதியைச் சிலர் அதற்குள் எடுத்துவிட்டார்கள். 2024 மார்ச்சில் ராஜஸ்தான், மகாராஷ்டிரா மாநிலங்களில் சிபிஐ சோதனை நடத்தும் அளவுக்குப் போனது விவகாரம்.

எதிர்ப்பதிவின் பலவீனம் இதுதான். கமிட்டுக்கு முன் செய்யும் ரோல்பேக் யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். கமிட்டுக்குப் பின் திருப்புவது, பணம் இன்னும் அங்கே இருந்தால்தான் எளிது.

நம்ம ஊரிலும் ஒன்று நடந்தது. 2023 செப்டம்பரில் சென்னையில் ஒரு வாடகை கார் ஓட்டுநரின் கணக்கில், தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தவறுதலாக 9,000 கோடி ரூபாயை வரவு வைத்தது. இது ஆப் கோளாறு வகை அல்ல, தவறான வரவு. நம்ப முடியாத அவர், நிஜமா என்று பார்க்க நண்பருக்கு 21,000 ரூபாய் அனுப்பினார். அது போய்விட்டது. சற்று நேரத்தில் மிச்சப் பணத்தை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. 9,000 கோடியைத் திருப்புவது சுலபமாக இருந்தது, அந்த 21,000 தான் பேச்சுவார்த்தை ஆனது. காரணம், அது அந்தக் கணக்கை விட்டு வெளியே போய்விட்டது.

கோட் எழுதுறவங்க கவனத்துக்கு

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இன்ஜினீயரிங், பிசிஏ படிக்கிற தம்பி தங்கைகள் இதைப் படிக்கிறீங்கன்னா, இந்தப் பகுதி உங்களுக்கு. மற்றவர்கள் நேராக 'உங்கள் உரிமை என்ன' பகுதிக்குப் போகலாம்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். மீன் ஏலத்துக்கு ஒரு கணக்கு ஆப் எழுதுறீங்க. ஏலம் முடிந்ததும் நான்கு வேலை: வியாபாரி கணக்கில் கழிக்கணும், படகுக்காரர் கணக்கில் கூட்டணும், இருப்பில் மீன் எடையைக் குறைக்கணும், இருவருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பணும். எங்கெல்லாம் சறுக்கும்?

1. கட்டே போடாமல் விடுவது. மைஎஸ்க்யூஎல் போன்றவற்றில் நீங்கள் டிரான்சாக்ஷன் தொடங்காவிட்டால், ஒவ்வொரு கட்டளையும் அதுவாகவே உடனுக்குடன் கமிட் ஆகிவிடும். இரண்டாவது வரியில் புரோகிராம் நின்றால், முதல் வரியை ரோல்பேக் செய்ய வழியில்லை. முதல் மூன்று வேலையும் ஒரே கட்டில் இருக்க வேண்டும்.

2. பிழையை விழுங்குவது. 'டிரை' போட்டு, 'கேட்ச்'சில் பிழையை லாகில் எழுதிவிட்டு அப்படியே கீழே போய் கமிட் செய்வது. பிழை வந்தது உங்களுக்குத் தெரியும், டேட்டாபேஸுக்குத் தெரியாது. பாதி வேலை நிரந்தரமாகிவிடும். பிழை வந்தால் ரோல்பேக் செய்து, பிழையை மேலே அனுப்புங்கள். ஜாவாவின் ஸ்பிரிங் பயன்படுத்துகிறவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்கணும்: அதில் 'டிரான்சாக்ஷனல்' என்று குறித்தாலும், 'செக்டு எக்ஸப்ஷன்' வகை பிழைகளுக்கு இயல்பாக ரோல்பேக் நடக்காது. தனியாகச் சொல்ல வேண்டும்.

3. திரும்ப எடுக்க முடியாத வேலையைக் கட்டுக்குள் வைப்பது. எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு அடுத்த வரியில் ரோல்பேக் ஆனால், கணக்கு பழைய நிலைக்குப் போகும், எஸ்எம்எஸ் திரும்பாது. படகுக்காரர் 'காசு வந்துடுச்சு'ன்னு நம்பி உட்கார்ந்திருப்பார். அதுமட்டுமல்ல, எஸ்எம்எஸ் நிறுவனம் பதில் சொல்ல 20 விநாடி எடுத்தால், அந்த 20 விநாடியும் கணக்கு பூட்டியே இருக்கும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். சரியான வழி: 'எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டியது' என்று ஒரு வரியை அதே கட்டுக்குள் டேபிளில் எழுதி வையுங்கள். கமிட் ஆன பிறகு வேறொரு புரோகிராம் அதைப் பார்த்து அனுப்பட்டும்.

4. பாக்கியைப் படித்து, கணக்குப் போட்டு, திருப்பி எழுதுவது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் 1,000 ரூபாய் பாக்கியைப் படித்து, ஒருவர் 600, இன்னொருவர் 700 கழித்தால், கடைசியாக எழுதியவர் கணக்கு மட்டுமே நிற்கும். முதல் கழிவு காணாமல் போகும். 'பாக்கி 600-க்குக் குறையாமல் இருந்தால் 600 கழி' என்று ஒரே கட்டளையாகக் கொடுத்து, எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் ரோல்பேக்.

5. பதில் வரவில்லை என்பதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வது. எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். பேமென்ட் கேட்வேயில் இருந்து பதில் வராவிட்டால், 'தோல்வி' என்று எழுதாதீர்கள். 'தெரியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு நிலை உங்கள் டேபிளில் இருக்கட்டும். பிறகு நிலையைக் கேட்டுத் தெரிந்து முடிவெடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் இரண்டாவது முறை வந்தால் டேட்டாபேஸே மறுக்கும்படி 'யுனிக்' கட்டுப்பாடு போடுங்கள். அப்போது பயனர் பொறுமையில்லாமல் பத்து முறை பட்டனைத் தட்டினாலும் பணம் ஒருமுறைதான் போகும்.

நிலையைக் கேட்பதிலும் அளவு வேண்டும். 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யுபிஐ சில மணி நேரம் தடுமாறியது நினைவிருக்கும். சில வங்கிகளின் பக்கத்தில் இருந்து 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆச்சு?' என்ற கேள்விகள் அளவுக்கு மீறிக் குவிந்ததும் காரணம் என்று என்பிசிஐ கண்டறிந்தது. அதன் பிறகு கட்டுப்பாடு வந்தது. 2025 ஆகஸ்ட் 1 முதல், நிலுவையில் இருக்கும் ஒரு பரிவர்த்தனையின் நிலையை 3 முறைதான் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் இடையே 90 விநாடி இடைவெளி வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்க. இரண்டாவது வேலைக்கும் மூன்றாவது வேலைக்கும் நடுவில் புரோகிராமை வேண்டுமென்றே நிறுத்துங்கள். மீண்டும் ஓட்டி, எல்லாக் கணக்கையும் கூட்டிப் பாருங்கள். மொத்தத் தொகை மாறாமல் இருந்தால் பாஸ்.

'கம்ப்யூட்டர் தப்பா சொல்லாது' என்று நம்பினால்...

இதெல்லாம் வெறும் 600 ரூபாய் பிரச்சினை இல்லை. மனிதர்களைச் சிறைக்கு அனுப்பிய கதையும் இருக்கிறது.

பிரிட்டனில் கிளை அஞ்சலகங்களைத் தனிநபர்கள் நடத்துவார்கள். அவர்களில் தெற்காசியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் ஏராளம். அங்கே 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கணினி அமைப்பு வந்தது. கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் ஹொரைசன் காட்டிய கணக்குக்கும் பொருந்தவில்லை. 'கம்ப்யூட்டர் சரி, நீங்கள்தான் எடுத்திருக்கிறீர்கள்' என்றது நிர்வாகம். 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். பலர் கைக்காசைப் போட்டு, இல்லாத பாக்கியைக் கட்டினார்கள்.

2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் ஹொரைசனில் பல கோளாறுகள் இருந்ததை உறுதி செய்தது. அவற்றில் ஒன்றுக்கு ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் கிராமத்தின் பெயர். கிளைக்கு வந்த பணத்தைப் பதிவு செய்யும்போது திரை உறைந்தது போல நிற்கும். ஊழியர் மீண்டும் பட்டனை அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அதே பணம் மறுபடி வரவாகும். வராத பணத்துக்கு அவர் கணக்குக் காட்ட வேண்டிய நிலை. மேலே சொன்ன ஐந்தாவது தவறு போலத்தானே இருக்கு? ஒரு தனி எண், ஒரு 'யுனிக்' கட்டுப்பாடு இருந்திருந்தால் நின்றிருக்கும் விஷயம்.

2024 மே மாதம் அந்நாட்டு நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. கணக்கு வரிகளைத் திருப்பிவிடலாம். போன வருடங்களைத் திருப்ப முடியாது.

உங்கள் உரிமை என்ன?

இந்தியாவில் இதற்கென்று ரிசர்வ் வங்கியின் தெளிவான விதி இருக்கிறது. 2019 செப்டம்பர் 20-ல் வெளியான அந்தச் சுற்றறிக்கை அதே ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. பரிவர்த்தனை நடந்த நாள் 'டி'. அதிலிருந்து நாள் எண்ணிக்கை:

● யுபிஐ-யில் ஒருவர் கணக்குக்கு அனுப்பி, பணம் கழிந்து, அவருக்குச் சேரவில்லை: டி+1. அதாவது மறுநாளுக்குள் திரும்ப வேண்டும்.

● யுபிஐ-யில் கடைக்குச் செலுத்தி, பணம் கழிந்து, கடைக்கு உறுதி வரவில்லை: டி+5 நாளுக்குள்.

● ஐஎம்பிஎஸ்-ல் கழிந்து, சேரவில்லை: டி+1.

● ஏடிஎம்மில் கணக்கில் கழிந்து, பணம் வெளியே வரவில்லை: டி+5.

● கடையில் கார்டு தேய்த்து, கழிந்து, உறுதி வரவில்லை: டி+5.

இந்தக் கெடு தாண்டினால், ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் வங்கி தானாகவே தர வேண்டும் என்கிறது விதி.

நம்ம உதாரணத்துக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை மீன் கடையின் வணிக க்யூஆரில் 600 ரூபாய் போட்டீங்க. வெள்ளிக்கிழமைக்குள் வரணும். அடுத்த செவ்வாய்க்கிழமைதான் வந்தது என்றால் 4 நாள் தாமதம். 600-உடன் 400 ரூபாய் சேர்த்து வரவேண்டும். அதே அக்கா தன் சொந்தக் கணக்கு க்யூஆரை வைத்திருந்தால், திங்கட்கிழமையே கெடு.

ஒன்றை மறக்கக்கூடாது. உங்கள் தவறால் அல்லாமல் பாதியில் நின்ற பரிவர்த்தனைக்குத்தான் இந்த விதி. தவறான நம்பருக்கு அனுப்பிவிட்டால், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது வெற்றிகரமான பரிவர்த்தனை. இதில் சேராது.

உடனே செய்ய வேண்டியது என்ன?

● 'பெண்டிங்' என்று இருக்கும்போது மறுபடி அனுப்பாதீர்கள். முதல் பணமும் போய்ச் சேர்ந்தால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். அவசரம் என்றால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பணம் பின்னால் வந்தால் திருப்பித் தரும்படி பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

● ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, 12 இலக்க எண்ணைக் குறித்து வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

● கெடு தாண்டினால் ஆப்பிலேயே புகார் பதியுங்கள். உங்கள் வங்கியிலும் எழுத்துமூலம் கொடுங்கள்.

● வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரங்களுக்கு 14448 என்ற எண்.

● கூகுளில் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' நம்பருக்குப் போன் போடாதீர்கள். பணம் திரும்ப வருவதற்கு பின் நம்பர், ஓடிபி எதுவும் தேவையில்லை. யாராவது கேட்டால் அது மோசடி. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

● கடைக்காரர்களுக்கு: வாடிக்கையாளர் காட்டும் டிக் மார்க்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பெட்டி சொன்னதா, உங்கள் கணக்கில் ஏறியதா என்று மட்டும் பாருங்கள். அதேநேரம், பெட்டி பேசவில்லை என்பதால் எதிரே நிற்பவர் பொய் சொல்கிறார் என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

மீன் கடையில் அந்தத் தம்பியும் பொய் சொல்லவில்லை, அக்காவும் பொய் சொல்லவில்லை. பணம் இரண்டு வங்கிகளின் சிட்டைகளுக்கு நடுவில் நிற்கிறது. ஒன்று, சற்று நேரத்தில் பெட்டி பேசும். இல்லை, கெடுவுக்குள் உங்கள் கணக்குக்கு எதிர்ப்பதிவு வரும். இரண்டும் நடக்கவில்லை என்றால் நாளுக்கு 100 ரூபாய் கணக்கை நீங்கள் எண்ண ஆரம்பிக்கலாம்.